காலத்தோடு வந்த சாமான்கள்

டென்மார்க்கில் கொம்யூன் என்று சொல்லும் நகரசபையின் உதவிக்கருவிக் களஞ்சியத்தில் சேர்ந்த புதிதில், என்ன வேலை என்று கேட்பவர்களிடம் 'கட்டில் ஏற்றி இறக்குகிறேன்' என்றுதான் சொல்வேன். கட்டில், சக்கர நாற்காலி, குளியலறைக் கதிரை, சுவரில் பூட்டும் கைபிடி, வாசலில் வைக்கும் சரிவுப் பலகை என்று நடக்க முடியாதவர்களுக்கும் எழும்ப முடியாதவர்களுக்கும் கொம்யூன் இரவல் கொடுக்கும் சாமான்கள் எல்லாம் ஊருக்கு வெளியே ஒரு பெரிய கொட்டகையில் இருக்கும். நாங்கள் அவற்றை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வீடுகளில் பூட்டிக் கொடுப்போம். தேவை முடிந்ததும் கழற்றி வந்து, கழுவி, பழுது பார்த்து, அடுத்தவருக்கு அனுப்புவோம். சிலருக்குச் சுகம் வந்து தேவை முடியும். மற்ற விதமாக முடிவதுதான் அதிகம்.

நான் ஹோர்சன்ஸ் நகரில் இருக்கிறேன். வேலை செய்யும் கொம்யூன் வேறு. அதன் பெயர் வேண்டாம். மற்றக் கொம்யூன்களைவிட அது மோசமானதல்ல. இந்தக் கதை எந்தக் கொம்யூனிலும் நடந்திருக்கும்.

இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில் ஒரு காலை, ஒரு சக்கர நாற்காலியை இறக்க வேண்டிய வீட்டின் விலாசத்தோடு ஒரு தமிழ்ப் பெயரும் வந்தது. எனக்குத் தெரிந்த பெயர். டென்மார்க்குக்கு வந்த காலத்தில் இக்காஸ்ட் என்ற ஊரில் ஒரு துணித் தொழிற்சாலையில் அவரோடு ஒரே ஷிப்டில் நின்றிருக்கிறேன். என்னைவிடச் சில வயது மூத்தவர், மன்னார்க்காரர். பிறகு அவரைத் திட்டமிடும் பகுதிக்கு எடுத்தார்கள். எந்த மெசினுக்கு எந்த நூல் எப்போது வரவேண்டும் என்று முடிவு செய்யும் வேலை. தொழிற்சாலை சுருங்கியபோது கிழக்குப் பக்கம் வந்து ஒரு பண்டகசாலையில் அதே மாதிரி வேலைக்குப் போனார். அதன்பின் கலியாண வீடுகளில் காண்பதோடு சரி. அவருக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். என்ன சுகமில்லை என்று தெரியாது.

கதவைத் திறந்தவர் அவருடைய மனைவி. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்பவர். நான் அவரை அக்கா என்றும் கணவரை அண்ணை என்றும்தான் கூப்பிடுவேன்.

"நீங்களே கொண்டு வாறியள்? வாங்கோ தம்பி, உள்ள வாங்கோ."

அண்ணை சமையலறை மேசையருகில் இருந்தார். இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன சாமான்கள் மாதிரி இருந்தன அவை. ஓகூஸ் ஆஸ்பத்திரியில் நோயின் பெயரைச் சொல்லிவிட்டார்களாம். ஏ.எல்.எஸ். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும். கால், கை, கழுத்து, நாக்கு, கடைசியில் மூச்சு. புத்தி மட்டும் தெளிவாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

நான் நாற்காலியை விரித்து வைத்தேன். அவர் அதைப் பார்த்தார்.

"தம்பி, உது கையால சில்லை உருட்டுற கதிரை எல்லே?"

"ஓம் அண்ணை."

"உதைக் கேக்கேக்க எனக்குக் கால் மட்டும்தான் ஏலாது. கை நல்லா இருந்தது. இனி உதை ஆர் உருட்டுறது?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை.

ஏன் இவ்வளவு காலம் எடுத்தது என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். விண்ணப்பம் முதலில் ஒரு மேசைக்குப் போகும். அங்கிருந்து வீட்டைப் பார்க்க ஒருவர் வருவார். அவர் எழுதுவதை இன்னொருவர் படித்துச் சம்மதம் சொல்வார். களஞ்சியத்தில் அளவான நாற்காலி இல்லாவிட்டால் வாங்கும் பகுதிக்குப் போகும். வந்த பிறகு வானுக்குக் காத்து நிற்கும். ஒவ்வொருவரும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்வார்கள். கோடை விடுமுறையில் மட்டும் எல்லாம் கொஞ்சம் நிற்கும்.

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப ஒருத்தரும் பிழை விடேல்லை, என்ன?"

"இல்லை அண்ணை."

"பிழை விட்டவன் எண்டு ஒருத்தன் இருந்தா அவனோட கதைச்சு முடிச்சிடலாம். இது அப்பிடியில்லை." கண்ணைத் திறந்தார். "நூல் முடிஞ்சாப்பிறகு நூலுக்கு ஓடர் போட்டா மெசின் நிக்கும். நூல் வந்தாப்போல திரும்ப ஓடும். என்ர வருத்தம் நிக்காது தம்பி. நீங்கள் இண்டைக்கு இருக்கிற எனக்குச் சாமான் தேடுறியள். சாமான் வரேக்க நான் அந்த ஆள் இல்லை."

அந்த நாற்காலியைத் திரும்ப ஏற்றச் சொன்னார். கை உள்ள யாருக்காவது உதவும் என்றார். ஏற்றினேன்.

எந்த வீட்டுக்கு எந்தக் கருவி பொருந்தும் என்று பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு டேனிஷில் ஒரு நீளமான பெயர் உண்டு. நாங்கள் சுருக்கமாக 'எர்கோ' என்போம். எங்கள் எர்கோ ஒரு டேனிஷ் பெண், நாற்பது வயதுக்குள். மழையோ காற்றோ சைக்கிளில்தான் வருவார். நாற்காலி திரும்பி வந்த கதையை அன்றே அவரிடம் சொன்னேன். அடுத்த நாள் அண்ணையிடம் போனார். திரும்பி வந்து, கொட்டகை வாசலில் நனைந்த ஜாக்கெட்டோடு நின்று என்னிடம் சொன்னார்.

"இந்த நோயோடு நான் பார்த்த முதல் ஆளிலிருந்தே, வரப்போகும் தேவைகளுக்கு முன்பே சாமான் கொடுப்பதை யோசித்திருக்கிறேன். ஆனால் இன்னும் நடந்துகொண்டிருக்கும் மனிதரிடம், உங்களைத் துணியில் இருத்தித் தூக்குவதற்கு எந்த லிஃப்ட் வேண்டும் என்று எப்படிக் கேட்பது? இவர்தான் தானாகக் கேட்டார்."

வாரத்தில் ஒரு காலை எங்களுக்குப் பலகைக் கூட்டம் உண்டு. சுவரில் உள்ள வெள்ளைப் பலகைக்கு முன்னால் எல்லோரும் நின்று, வேலையில் எதைத் திருத்தலாம் என்று மஞ்சள் துண்டுகளில் எழுதி ஒட்ட வேண்டும். வழக்கமாக ஒட்டப்படுவது வானை நிறுத்த இடமில்லை, தொலைபேசி இலக்கம் பிழை, அந்த மாதிரி விஷயங்கள்தான். அந்தக் கிழமை எர்கோ ஒரு துண்டை ஒட்டினார். 'நோய் எங்களைவிட வேகமாகப் போகிறது' என்று எழுதியிருந்தார். ஒரே தடவையில் எல்லாவற்றுக்கும் அளவெடுத்து, சம்மதம் வாங்கி, தேவை வருவதற்கு முன்பே கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று விளக்கினார்.

எங்கள் தலைவர் ஓய்வுக்கு நெருங்கிக்கொண்டிருந்த மனிதர். வருடா வருடம் சிக்கனம் பண்ணு என்று மேலிருந்து வரும் கட்டளையில் களைத்துப்போனவர். ஆனால் நல்லவர்.

"இன்று விழுந்து கிடக்கும் கிழவி லிஃப்டுக்குக் காத்திருக்கிறாள். வசந்த காலத்தில் தேவைப்படப் போகிறவருக்கு அதை இப்போதே கொடுக்கச் சொல்கிறாயா?"

தலைவர் கேட்டது நியாயமான கேள்வி. நெடுநேரம் கதைத்து, ஒரே ஒருவருக்குச் செய்து பார்ப்போம் என்று முடிவானது. அந்த ஒருவர் அண்ணை.

அளவெடுக்கும் நாளில் கதவுகளையும் கூரையையும் அளக்க நானும் போனேன். அக்கா வேலையில் லீவு எடுத்து நின்றார். தேத்தண்ணியும் பற்றிஸ் பலகாரமும் மேசையில் இருந்தன. எர்கோ தயங்கித் தயங்கித் தொடங்கினார். அண்ணை அவரைத் தயங்க விடவில்லை. டேனிஷில், தொழிற்சாலைக்கு ஓடர் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டு போனார். கைகள் முடிந்தன. அடுத்தது கழுத்து, ஆகவே தலையைத் தாங்கும் கதிரை. பிறகு நிற்க முடியாது, ஆகவே லிஃப்ட். பிறகு பேச முடியாது, ஆகவே கண்ணால் இயக்கும் பேச்சுக் கருவி. விழுங்க முடியாமல் போகும். திரும்பிப் படுக்க முடியாமல் போகும், ஆகவே மோட்டார் கட்டில், காற்று மெத்தை. மூச்சுக் கருவி வேண்டாம் என்று முடிவெடுத்திருப்பதாகச் சொன்னார்.

அந்தக் கடைசி வரியை அக்கா அன்றுதான் முதல்முறை கேட்டார் போலிருந்தது. எழும்பிக் குளியலறைக்குப் போனார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. நிற்கவில்லை. எர்கோ எழுதுவதை நிறுத்தினார்.

"எழுதுங்கள்," என்றார் அண்ணை.

அக்கா திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். எர்கோவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"இண்டைக்கே என்ர மனுசனைக் கொண்டுபோய்ப் படுக்கையில போட்டிட்டீங்கள் தம்பி. இனி நான் என்னத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறது?"

என்ன சொன்னார் என்று எர்கோ கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அண்ணை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமான்கள் காலத்தோடு வந்தன. நான் அங்கே வேலை செய்த காலத்தில் இவ்வளவு விரைவாக எதுவும் போனதில்லை. கட்டிலைப் பூட்டினேன். தலை தாங்கும், தாடையால் இயக்கும் மின்சாரக் கதிரையை ஓட்டிக் காட்டினேன். சில்லு வைத்த லிஃப்டை வரவேற்பறையின் மூலையில் நிறுத்தினேன். அந்த அறையில் ஒரு சோபா, மாதா சொரூபம், மகளின் பள்ளிக்கூடப் படங்கள் இருந்தன. நான் வேலை முடித்து வெளியே வந்தபோது அது ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது.

பேச்சுக் கருவி ஒரு திரை. கண் எந்த எழுத்தைப் பார்க்கிறதோ அதை அது பிடித்துக்கொள்ளும். சொல் சேர்ந்ததும் வாசிக்கும். பேச்சு இருக்கும்போதே பழகினால்தான் பிறகு கை கொடுக்கும் என்று எர்கோ சொன்னார். அண்ணை விரைவாகப் பழகினார். ஆனால் அது வாசித்தது டேனிஷில். தமிழ்க் குரல் இல்லை. ஓகூஸில் படிக்கும் மகள் சனி ஞாயிறில் வந்து நின்றபோது அது பிரச்சினையாக இருக்கவில்லை. அந்தப் பிள்ளை எப்போதும் டேனிஷில்தான் பதில் சொல்லும். அக்காவோடு அண்ணை ஒருநாளும் டேனிஷில் கதைத்ததில்லை. முதல் நாள் கருவி 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று ஒரு டேனிஷ்காரனின் குரலில் சொன்னபோது, அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "ஆரோ வேற ஆள் வீட்டுக்குள்ள நிண்டு கேக்கிற மாதிரிக் கிடக்கு" என்றார்.

சொந்தக் குரலில் சில வசனங்களைப் பதிந்து வைக்கலாம் என்று எர்கோ வழி சொன்னார். தனக்குத் தமிழ் தெரியாதபடியால் என்னை உதவச் சொன்னார். ஒரு பிற்பகல் நானும் அண்ணையும் இருந்தோம். அவருடைய நாக்கு அப்போதே தடுமாறத் தொடங்கியிருந்தது. அக்கா கடைக்குப் போய்விட்டார்.

"என்ன சொல்லப் போறீங்கள் அண்ணை?"

"பெரிசா ஒண்டுமில்லை. நெடுகத் தேவைப்படுறதை மட்டும் சொல்லுவம்."

ஓம். இல்லை. சாப்பிட்டது காணும். தண்ணி. தலையை நிமித்தி விடும். கால் குளிருது. போய்ப் படும். சும்மா அழாதையும். ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று தடவை சொல்லி, நல்லதை எடுத்தோம். 'சும்மா அழாதையும்' சரியாக வரவில்லை. சொல்லும்போது அவருக்கே அழுகை வந்தது. கடைசியில் அதை விட்டுவிட்டோம். அக்காவின் பெயரைப் பதியவா என்று கேட்டேன்.

"பேர் சொல்லி நான் எப்ப கூப்பிட்டனான்? 'இஞ்சரும்' எண்டு போடு."

முன்கூட்டியே கொடுத்ததால் வந்த நன்மை அது. ஒரு மாதம் பிந்தியிருந்தால் அந்தக் குரல் இருந்திருக்காது.

ஆனால் லிஃப்ட் அப்படி இல்லை. குளிர்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் மகள் களஞ்சியத்துக்குப் போன் பண்ணினாள். அம்மா லிஃப்டைத் தள்ளிக்கொண்டுபோய் வெளியே விட்டுவிட்டாள், மழையில் நிற்கிறது என்றாள். நான் போனேன். அது வாசலுக்குப் பக்கத்தில் வேலியோரம் ஒரு கட்டில் விரிப்பால் போர்த்தியபடி நின்றது. விரிப்பு நனைந்து ஒட்டியிருந்தது. அக்கா வெளியே வந்தார். கோபமாக இருப்பார் என்று நினைத்தேன். இல்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி. மெசின் பழுதாப் போச்சோ?"

"துடைச்சா சரியாகும் அக்கா. ஏன் வெளியில விட்டனீங்கள்?"

அவர் கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டார்.

"நீங்கள் நல்லதுக்குத்தான் செய்யிறியள். எனக்கு விளங்குது. ஆனா அவர் இன்னும் கால் ஊண்டுறார். காலமை நான் அக்குளுக்குள்ள கை குடுத்துத் தூக்கிவிடுறன். அவர் என்ர தோளில தாடையை வைச்சுக்கொண்டு நிப்பார். ஒரு நிமிசம் அப்பிடியே நிப்பம். பிறகு கதிரையில விடுவன். நான் அவருக்குச் செய்யிறதெண்டு இப்ப அது ஒண்டுதான் மிச்சம். அந்தச் சாமான் மூலையில நிண்டு, நாளைக்கு நான் செய்யிறன், நீ விடு எண்டு சொல்லுற மாதிரிக் கிடக்கு. ஒவ்வொரு நாளும் அதைப் பாத்துக்கொண்டு என்னால இருக்கேலாது."

மழையில் நின்றபடி லிஃப்டில் ஒட்டியிருந்த விரிப்பை உரித்தெடுத்தேன். உள்ளே கதவருகில் அண்ணை மின்சாரக் கதிரையில் வந்து நின்றார். எல்லாம் கேட்டிருக்கிறது.

"கொண்டு போ தம்பி," என்றார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. "ஓடர் சரி. வைக்கிற இடம்தான் பிழை."

வானில் ஏற்றினேன். ஆனால் திரும்பிவரும் சாமான் களஞ்சியத்துக்குள் வந்தவுடன் காத்திருக்கும் அடுத்தவருக்குப் போய்விடும். அதுதான் முறை. எர்கோவிடம் ஓடினேன். அவர் தலைவரிடம் போனார். நானும் கூடப் போய் அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். தோளில் தாடையை வைத்து நிற்பதைச் சொன்னபோது தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய மனைவி சில வருடங்களுக்கு முன் வேறு நோயில் போனவர் என்று பிறகு கேள்விப்பட்டேன். அன்று பின்னேரம் களஞ்சியத்தின் ஒரு பக்கத்தில் நிலத்தில் மஞ்சள் பட்டி ஒட்டினோம். பட்டிக்குள் நிற்பதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. வேகமாகப் போகும் நோய்களுக்கு மட்டும் அந்த இடம். எல்லா அளவும் சம்மதமும் முன்பே முடிந்திருக்கும். வீட்டார் எப்போது கேட்கிறார்களோ அன்றே வான் புறப்பட வேண்டும்.

சும்மா நிற்கும் லிஃப்டைப் பார்த்துச் சிலர் முணுமுணுத்தார்கள். அந்தக் கிழமையே ஒரு வயோதிபர் லிஃப்டுக்குக் காத்திருந்தார். அவருக்குப் பக்கத்துக் கொம்யூனில் கடன் வாங்கிக் கொடுத்தோம். அவர் சில நாள் பிந்திப் பெற்றார். அந்த நாட்களில் அவர் கட்டிலைவிட்டு எழும்பவில்லை என்பதும் உண்மை.

தை மாதக் கடைசியில் அக்காவே எனக்குப் போன் பண்ணினார்.

"தம்பி, அதைக் கொண்டு வாங்கோ."

நான் போனபோது அக்காவின் மணிக்கட்டு வீங்கியிருந்தது. காலையில் தூக்கும்போது இருவரும் சேர்ந்து விழுந்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டு டேனிஷ்காரர் வந்து தூக்கிவிட்டிருக்கிறார். அண்ணையின் நெற்றியில் ஒரு கண்டல் காயம். அப்போது அவருக்குப் பேச்சு முழுவதும் போய்விட்டது.

தூக்கும் துணியை முதுகுக்குக் கீழே எப்படி விடுவது, கொக்கிகளை எந்த வரிசையில் மாட்டுவது என்று அக்காவுக்குக் காட்டினேன். கவனமாகப் பார்த்தார். ஒரு தடவையில் பிடித்துக்கொண்டார். பொத்தானை அமத்தியதும் அண்ணை மெல்ல மெல்லக் கதிரையிலிருந்து மேலே போனார். துணிக்குள் சுருண்டு, கால்கள் தொங்க, அறையின் நடுவில் நின்றார். எடை குறைந்து பிள்ளை மாதிரி இருந்தார். அக்கா ஒரு கையால் பொத்தானைப் பிடித்தபடி மற்றக் கையை அவர் முதுகில் வைத்திருந்தார். கட்டிலில் இறங்கும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. நான் எர்கோவுக்குப் போன் பண்ணுவதாகச் சொல்லி வெளியே வந்து வானுக்குள் இருந்தேன்.

மாசி முடிவதற்குள் அவருக்கு நிமோனியா வந்தது. அவர் முன்பே சொன்னபடி மூச்சுக் கருவி போடவில்லை. வீட்டில், அந்தக் கட்டிலிலேயே போனார். மகளும் அக்காவும் பக்கத்தில் இருந்தார்கள். தேவாலயத்தில் இக்காஸ்ட் ஆட்கள் பலரைக் கண்டேன். எர்கோ பின் வரிசையில் இருந்தார். அக்கா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நெடுநேரம் விடவில்லை.

அந்த முறை பிறகு எல்லோருக்கும் வந்தது. இந்த நோயோடு யாராவது பதிவானால் இப்போது ஒரே தடவையில் அளவெடுக்கிறார்கள். எதை வீட்டில் வைக்கலாம், எதைக் களஞ்சியத்தில் வைத்திருக்க வேண்டும் என்று வீட்டாரைத் தனியாகக் கேட்கிறார்கள். தலைவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். எர்கோ இன்னும் இருக்கிறார். முன்போல் சிரிப்பதில்லை. இந்தக் கேள்விகளை இப்போது ஒவ்வொரு வீட்டிலும் அவர்தான் கேட்க வேண்டும். முன்பு தாமதம்தான் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

சாமான்களைக் கழற்ற நான்தான் போனேன். வேறு ஆளை அனுப்ப மனம் வரவில்லை. அக்கா உதவி செய்தார். கட்டிலின் ஒரு பக்கத்தை அவர் பிடித்தார். லிஃப்ட், கதிரை, திரை, எல்லாம் வானுக்குப் போயின. அறை பெரிதாகிவிட்டது. சோபாவை எங்கே போடுவது என்று தெரியாமல் நடுவிலேயே விட்டிருந்தார்.

காற்று மெத்தையின் பம்பைக் கழற்றக் குனிந்தபோது அக்கா என் தோளைத் தொட்டார்.

"தம்பி, இந்தப் பெட்டியை மட்டும் கொஞ்ச நாள் விட ஏலுமோ?"

"மெத்தை இல்லாம இது வேலை செய்யாது அக்கா."

"மெத்தை வேண்டாம். வயரைக் குத்தினா இது இரைஞ்சுகொண்டு இருக்குமெல்லே? ஆள் இருக்கிற மாதிரி இருக்கும். சத்தமில்லாம எனக்கு நித்திரை வருகுதில்லை."

விட்டுவிட்டு வந்தேன். களஞ்சியத்தில் அதைப் பழுது பார்க்கும் பகுதியில் இருப்பதாகப் பதிந்தேன். எர்கோ அதைப் பார்த்துவிட்டு அடுத்த பதிவுக்குப் போனார். கோடையில் அக்கா வீட்டைக் கொடுத்துவிட்டு ஓகூஸில் மகளோடு இருக்கப் போனார். மகள் தன் காரில் வந்து பம்பை எங்கள் வாசலில் இறக்கினாள். அம்மா நன்றி சொல்லச் சொன்னாள் என்று டேனிஷில் சொன்னாள். நான் அதைக் கழுவும் பகுதிக்குக் கொண்டுபோனேன். அடுத்த கிழமை அது ஒரு மெத்தையோடு வேறொரு வீட்டுக்குப் போனது.